121 கொரோலா: மழைக்கு மிஸ் அடிக்குது, கோட் சென்சரைக் காட்டுது

2024 நவம்பர் 9, இரவு

டொயோட்டா கொரோலா 121, 2003ஆம் ஆண்டு, 1என்இசட் எஞ்சின், ஓட்டோ கியர். ஓடியது 214,000 கிலோமீற்றர். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது 60இல் தும்முகிறது. பின்னால் யாரோ பிடித்து இழுத்து விடுவது போல இரண்டு மூன்று குலுக்கல், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது. ஒரு கிழமையாகச் செக் லைட்டும் எரிகிறது. ஊரில் ஒரு கராஜில் ஸ்கான் பண்ணியதில் ஒரே ஒரு கோட், பி0171. கலவையில் பெற்றோல் குறைவு, காற்றுக் கூட என்பது அதன் பொருள். கராஜ் மெக்கானிக் பாஸ் திரையைப் பார்த்துவிட்டு நிமிராமலே, "ஒட்சிசன் சென்சர் பெய்த்து. மாத்தினாச் சரி" என்றார். சென்சர் 35,000 ரூபாய், கூலி தனி.

என் கேள்வி இதுதான். பெற்றோல் குறைவு என்று கண்டுபிடித்துச் சொன்ன சாமானையா மாற்றுவது? மீன் பழசு என்று சொன்னவனைச் சந்தையை விட்டுக் கலைக்கிற கதையாகத் தெரிகிறது எனக்கு. ஆனால் நான் மெக்கானிக் இல்லை. தெரிந்தவர்கள் இந்த இழையின் கீழே சொல்லுங்கள்.

2024 நவம்பர் 10

விடிய எழும்பிப் பார்த்தால் எல்லோரும் ஒரே கேள்வி: சூட்டிலா, குளிரிலா, மழையிலா? சொல்ல மறந்துவிட்டேன். காலையில் எடுத்த முதல் பத்து நிமிடம் மோசம். இரவு மழை பெய்திருந்தால் இன்னும் மோசம். நல்ல வெயிலில் மத்தியானம் செங்கலடிக்குப் போய் வந்தால் ஒரு தும்மல்கூட இல்லை.

இன்னொரு திருத்தம். 60இல் தும்முகிறது என்று எழுதியது பிழை. இன்று 40இல் போய்க்கொண்டிருக்கும்போது காலை அழுத்தினேன், அதே குலுக்கல். வேகம் காரணமில்லை, பாரம்தான். எஞ்சினிடம் வேலை கேட்டால் தும்முகிறது, சும்மா உருள விட்டால் பேசாமல் இருக்கிறது.

பெற்றோலில் கலப்படம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அதே நிலையத்தில் அதே ஒக்ரேன் 92 பெற்றோலைத்தான் மனிசியின் ஸ்கூட்டிக்கும் அடிக்கிறேன். அது சுகமாக ஓடுகிறது. கலப்படப் பெற்றோல் வெயிலையும் மழையையும் பார்த்துத் தும்மாது.

கல்லடிப் பாலம் என்றதும் வருகிற பாடும் மீன் பகிடி இதோடு நாலாவது. போதும்.

2024 நவம்பர் 11

ஒருவர் சொன்னதைக் கேட்டு, போனோடு புளூடூத்தில் பேசுகிற அந்தச் சின்னக் கட்டையை வாங்கிச் செருகினேன். அது காரைக் காணவேயில்லை. அரை மணித்தியாலம் கீழே குனிந்து கழுத்து பிடித்ததுதான் மிச்சம். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த அந்தக் காலத்துக் கார்கள் பல இந்தக் கட்டைகளோடு சும்மா பேசாதாம். செயலியில் தனியான தொடக்கக் கட்டளைகள் போட்டால் சிலது பேசுமாம். போட்டுப் பார்த்தேன், ஒரு தரம் பிடித்தது, மறுகா விட்டுவிட்டது. கல்முனையில் காக்கா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் அண்ணனிடம் டொயோட்டாவுக்கென்றே உள்ள நல்ல ஸ்கானர் இருக்கிறது என்று கேள்வி. சனிக்கிழமை போகிறேன்.

2024 நவம்பர் 16, காலை

திட்டுங்கள். கல்முனைக்குப் போக முதல் சென்சரை மாற்றிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகிற வழியில் இரண்டு தரம் நிற்கப் பார்த்தது. பாஸின் கராஜ் பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. புதுச் சென்சர் போட்டு, பற்றரியைக் கழற்றி மாட்டி, கோட் அழித்துத் தந்தார். புதன், வியாழன் இரண்டு நாளும் கார் பட்டு மாதிரி ஓடியது. பாஸைக் குறைத்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டு இங்கே எழுத வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன். வெள்ளி விடிய மழை. வாசலிலிருந்து றோட்டுக்கு ஏறும்போதே தும்மல்.

இரண்டு நாள் சுகமாக ஓடியதற்கு இப்போது காரணம் தெரிகிறது. அந்த இரண்டு நாளும் வெயில். அதோடு பற்றரியைக் கழற்றியபோது ஈசியு, அதாவது எஞ்சினை ஆளுகிற கணினி, அதுவரை படித்து வைத்திருந்த பெற்றோல் திருத்தமெல்லாம் அழிந்து பூச்சியத்திலிருந்து தொடங்கியது. அடித்தது அதிர்ஷ்டம், நான் கொடுத்தது 35,000.

2024 நவம்பர் 17

நேற்றுக் கல்முனைக் காக்காவிடம் போனேன். மனுசன் ஸ்கானரைச் செருகிவிட்டுக் கோட் பார்க்கவே இல்லை. "கோடை வையுங்க தம்பி, எண்களைப் பார்ப்பம்" என்று நேரடி எண்களைத் திறந்தார். ஒரு மணித்தியாலம் அவரோடு இருந்ததில் படித்ததை எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

ஒட்சிசன் சென்சருக்குப் பெற்றோல் என்றால் என்னவென்றே தெரியாது. புகையில் மிஞ்சியிருக்கிற ஒட்சிசன் மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒட்சிசன் மிஞ்சினால் 0.1 வோல்ற்றுக்குக் கிட்ட இறங்கும், மிஞ்சாவிட்டால் 0.8, 0.9க்கு ஏறும். நல்ல சென்சர் இந்த இரண்டுக்கும் நடுவே ஓயாமல் ஊஞ்சலாடும். என் புதுச் சென்சரும் ஆடியது. கழற்றிய பழையதைக் கொண்டு போயிருந்தேன். அதை மாட்டிப் பார்த்தோம், அதுவும் அதே ஆட்டம். அது செத்திருக்கவே இல்லை.

இப்போது ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை என்று வையுங்கள். உள்ளே போன காற்றும் பெற்றோலும் எரியாமல் வெளியே வரும். அந்தக் காற்றில் இருந்த ஒட்சிசன் முழுக்கச் சென்சரின் முகத்தில் அடிக்கும். "ஒட்சிசன் கூட" என்று சென்சர் உள்ளதைச் சொல்லும். ஈசியு அதை "பெற்றோல் குறைவு" என்று விளங்கிக்கொண்டு பெற்றோலைக் கூட்டும். நாலு சிலிண்டருக்கும் பொதுவாக அந்த ஒரு சென்சர்தான் என்றபடியால், நாலுக்கும் சேர்த்தே கூட்டும். ஒன்று பட்டினி என்று நினைத்து நாலு பிள்ளைக்கும் ஊட்டுவது மாதிரி. மூன்று பிள்ளைக்கு வயிறு ஊதும், பட்டினி என்று நினைத்த பிள்ளைக்கோ பசியே இல்லை, வாய் திறக்க முடியாத வருத்தம். பின்னால் பெற்றோல் மணத்ததும், லீற்றருக்கு 11 ஓடிய கார் 8க்கு இறங்கியதும் இதனால்தான்.

எண்கள்: நின்ற இடத்தில் திருத்தம், அதாவது ஈசியு வழக்கத்தை விடக் கூட்டிக் கொடுக்கிற பெற்றோல், கூட்டல் 6 வீதம். இது பரவாயில்லை, பத்துக்குள் இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. அவர் பக்கத்தில் இருந்து பார்க்க, காரைதீவுப் பக்கம் பாரம் கொடுத்து ஓட்டினேன். கூட்டல் 22. எங்கேயாவது குழாய் வெடித்துக் காற்றை இழுத்தால் கதை மறுபக்கமாக இருக்குமாம்: நின்ற இடத்தில் திருத்தம் மோசமாகி, 2,500 சுற்றில் நல்லாகும். ஆகவே காற்றுக் கசிவு இல்லை. பொறிப் பக்கம் பார் என்று அனுப்பினார். காசு வாங்க மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்தி 1,500 வைத்துவிட்டு வந்தேன்.

2024 நவம்பர் 17, இரவு

கீழே ஒருவர் பிடித்தது சரிதான். பாரத்தில் திருத்தம் கூடுவதற்குப் பொறி மட்டும் காரணமில்லை. காற்றை அளக்கிற சென்சரில் தூசி படிந்தாலும் அப்படித்தான் வரும், பம்ப் தளர்ந்து பெற்றோல் அழுத்தம் விழுந்தாலும் அப்படித்தான். இன்று முதலில் எழுதியதில் நான் பாய்ந்துவிட்டேன்.

காற்றுச் சென்சரைக் கழற்றி அதற்கென்று விற்கிற ஸ்பிரேயால் கழுவினேன். கம்பியைத் தொடவில்லை, அது தலைமயிரை விட மெல்லிசு. ஸ்பிரே காய்ந்து முடிய மாட்டினேன். எண்ணைக் காக்காவிடம் இன்னொரு தரம் பார்க்க வேண்டும். தும்மல் மாறவில்லை. பம்ப் என்றால் மழைக்கும் வெயிலுக்கும் என்ன வித்தியாசம்? அதனால் பம்பைக் கடைசியில் வைக்கிறேன்.

2024 நவம்பர் 23

இது நீளும். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

எந்தச் சிலிண்டர் என்று முதலில் பிடிக்க வேண்டும். என் கார் சிலிண்டர் எண்ணைக் கோட்டில் சொல்லவில்லை. பழைய வழிதான்: எஞ்சின் ஓடும்போது, பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்டர்களின் சொக்கட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவது. நல்ல சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சின் தடுமாறும், ஏற்கெனவே படுத்த சிலிண்டரை நிறுத்தினால் ஒன்றும் மாறாது. பிளக்கில் பொறி விழ வோல்ற்று கொடுக்கிற கொயிலின் சொக்கட்டைக் கழற்றியும் பார்க்கலாம். ஆனால் எரியாத பெற்றோல், புகையைச் சுத்தம் செய்கிற கன்வேட்டருக்குள் போய் எரிந்து உள்ளே இருக்கும் தேன்கூட்டை உருக்கிவிடும் என்று பயம். இன்ஜெக்டர் என்றால் பெற்றோலே உள்ளே போகாது.

சிக்கல் என்னவென்றால் என் கார் நின்ற இடத்தில் மிஸ் அடிக்காது. அதற்கு மழை வேண்டும். மழை இல்லை, ஆகவே மழை செய்தேன். மனிசி சாரிக்கு அயன் பண்ணத் தண்ணி தெளிக்கிற போத்தலை எடுத்துக்கொண்டு, இரவு எட்டு மணிக்கு வாசல் லைட்டை அணைத்து, பொனட்டைத் திறந்து கொயில்களின் மேல் புகை போலத் தெளித்தேன். மனிசி உள்ளே இருந்து எஞ்சினை எடுத்தா. இருட்டில் இரண்டாவது கொயிலின் கழுத்தில் நீலமாக ஒரு நூல் துடித்தது. டிக், டிக், டிக் என்று சத்தமும் கேட்டது. இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ற்று அது, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள். தெளிப்பதும் தூரத்தில் நின்று, ஒரு பொட்டுத் தண்ணி போதும்.

எஞ்சினை நிறுத்தி இரண்டாவது கொயிலை இழுத்தேன். இலேசில் வரவில்லை. வந்தபோது நுனி ரப்பர் ஊதிப்போய், ஊறின பயற்றங்காய் மாதிரி வழவழ என்று. டோர்ச் அடித்து, பிளக் இருக்கிற குழிக்குள், அதாவது கிணற்றுக்குள், பார்த்தால் அடியில் அரை விரல் ஆழத்துக்கு எஞ்சின் ஒயில் கறுப்பாகப் பளபளத்தது. மேல் மூடிக் கேஸ்கட்டும் கிணற்றைச் சுற்றி வருகிற ரப்பரும் 21 வருடத்தில் பிளாஸ்டிக்காகிவிட்டன.

ஒயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக, பென்சிலால் கீறினது போல ஒரு சாம்பல் கோடு. பெற்றோல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கொயிலின் ரப்பருக்குள்ளும் நேர் எதிரே அதே மாதிரி ஒரு கோடு. பொறி பிளக்கின் நுனிக்குப் போகாமல், பீங்கானின் வெளிப்பக்கமாக இறங்கி எஞ்சின் உடம்புக்குப் போயிருக்கிறது. ஒரு தரம் போனால் கரிக்கோடு விழும், அந்தக் கோடே அடுத்த தரம் வழியாகும். பாரம் கொடுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூட, பிளக் நுனியில் பாய்வது கடினம். பக்கத்தில் இலேசான வழி இருந்தால் மின்சாரம் அதைத்தான் எடுக்கும். அதனால்தான் பாலத்தில் ஏறும்போது தும்மல்.

பிளக்கின் இடைவெளி 1.1 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். இந்த வகைப் பிளக்கின் எண் 11 என்று முடிவது அதைத்தான் சொல்கிறது. என்னுடையது தேய்ந்து 1.4க்குப் போயிருந்தது. இடைவெளி கூடினால் பாய இன்னும் வோல்ற்று வேண்டும், கள்ள வழிக்கு இன்னும் நல்லது.

ஏன் கோட் இதைச் சொல்லவில்லை? இந்தக் கொயிலுக்கு நாலு வயர். ஒன்று 12 வோல்ற்று, ஒன்று எர்த், ஒன்றில் ஈசியு "அடி" என்று சொல்லும், மற்றதில் கொயில் "அடித்தேன்" என்று பதில் சொல்லும். அந்தப் பதில் கொயிலின் முதல் சுற்றில் மின்சாரம் ஓடியதை மட்டும் சொல்லும். அடித்தது பிளக்கிலா, கிணற்றுச் சுவரிலா என்று அதற்குத் தெரியாது. என் கொயில் ஒவ்வொரு தரமும் "அடித்தேன்" என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

2024 நவம்பர் 24

"ஒயில் மின்சாரத்தைக் கடத்தாதே, பிறகு எப்படி?" என்று கேட்டவருக்கு: நீங்கள் சரி. குற்றவாளி ஒயில் இல்லை, ஒயில் ஊற வைத்த ரப்பர். ஊதின ரப்பர் பீங்கானை இறுக்கிப் பிடிக்காது. அந்தச் சந்துக்குள் ஈரமும் தூசியும் போகும். எங்கள் கல்லடிக் காற்றில் உப்பும் சேர்ந்து வரும்.

கொயிலை இடம் மாற்றிப் பார்த்திருந்தால் பிளக்கைத் தொடாமலே பிடித்திருக்கலாமே என்று செங்கலடித் தம்பி கேட்கிறார். நேற்று எழுத வெட்கப்பட்டு விட்ட பகுதி அது. மாற்றிப் பார்த்தேன், பிளக்கைக் கழற்ற முதல். இரண்டாவதை மூன்றாவதற்கு மாற்றினேன். இரண்டாவது சிலிண்டர் தொடர்ந்து தும்மியது. "அப்ப கொயில் நல்லது" என்று முடிவு கட்டி நேரத்தை வீணாக்கினேன். கரிக்கோடு கொயில் ரப்பரிலும் இருந்தது, பிளக்கிலும் இருந்தது. நல்ல கொயிலைப் போட்டாலும் பிளக்கின் கோடு அங்கேயேதான். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

2024 நவம்பர் 28

கார் இல்லை, பகிடி இல்லை. ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணி. உயர்தரப் பரீட்சையையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காரை ஆரையம்பதியில் மாமாவின் வீட்டு மேட்டில் விட்டிருக்கிறேன், கொயில் இல்லாமல். மாமா போனில், "மனே, இது ஓடுற காரா, வைக்கிற காரா?" என்கிறார். படுவான்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் கவனம்.

2024 டிசம்பர் 8

கொயில் வாங்கின கதை. ஒரு கடையில் பெயர்போன ஜப்பான் கம்பனிப் பெட்டியில் 6,500 ரூபாய்க்குத் தந்தார்கள். நாலும் வாங்கினேன். சில நாளிலேயே முதலாவது சிலிண்டரில் தும்மல். இரண்டாவது இல்லை, முதலாவது! சென்சர்காரனைச் சிரித்த நான் இப்போது போலிக்காரனிடம் மாட்டிக்கொண்டேன்.

பழைய கொயிலையும் புதியதையும் கையில் வைத்துப் பார்த்தேன். பழையது பாரம். புதியதில் எழுத்து மையால் அச்சடித்திருந்தது, நகத்தால் சுரண்டினால் வந்தது. பழையதில் எழுத்து உடம்பிலேயே பொறித்திருந்தது. சொக்கட்டுக்குள் பின்கள் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்தார். மறுகா தெரிந்த ஒருவர் பேசியதில் பாதிக் காசு தந்தார். கடையின் பெயரைக் கேட்காதீர்கள், எழுத மாட்டேன்.

கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் சொல்லிப் பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பாவித்த எஞ்சினிலிருந்து கழற்றிய கொயில்கள் எடுப்பித்தேன். பாவித்தது, ஆனால் அசல். ரப்பர் நுனி மட்டும் புதுசாக மாற்றினேன். அது தனியாக விற்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது. என் பழைய கொயில்களுக்கே அதை மாத்திரம் போட்டிருந்தால் போதுமோ என்னவோ. அதை நினைத்தால் இரவில் நித்திரை வராது, விடுங்கள்.

2024 டிசம்பர் 15

கேஸ்கட், கிணற்று ரப்பர், நாலு பிளக், கொயில் எல்லாம் போட்டாயிற்று. பிளக்கை முறுக்கும்போது சாவியில் தொங்காதீர்கள், தலை அலுமினியம். இன்று நல்ல மழை. கல்லடிப் பாலத்தில் மூன்று தரம் போய்க் கிறுகி வந்தேன். சத்தமே இல்லை. மூன்றாம் தரம் பொலிஸ்காரர் பார்த்த பார்வைக்குப் பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காக்காவிடம் எண் பார்த்தேன், பாரத்தில் கூட்டல் 4. இழையை மூடலாம்.

2025 ஜனவரி 12

மூட வேண்டாம்.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போனேன். பெயில். துண்டைப் பார்த்தால் ஹைட்ரோகாபன் நல்லாக இருக்கிறது, காபன் மொனொக்சைட்டு எகிறி நிற்கிறது. போன வருடக் காராக இருந்திருந்தால் மறுபக்கமாக இருந்திருக்கும்: மிஸ் அடித்தால் எரியாத பெற்றோல் போய் ஹைட்ரோகாபன் ஏறும். பெற்றோல் கூடிப்போய் எரிய ஒட்சிசன் போதாவிட்டால் காபன் மொனொக்சைட்டு ஏறும். ஆகவே பொறி சரி, பெற்றோல் கூட. செக் லைட் எரியவில்லை. கோட் இல்லை. யோசித்துப் பார்த்தால் சூட்டில் நிறுத்தி எடுக்கும்போது கொஞ்ச நாளாக நீள உருட்ட வேண்டியிருந்தது. பொங்கல் வேலையில் கவனிக்கவில்லை.

2025 ஜனவரி 13

கன்வேட்டர் செத்துவிட்டது என்று ஐந்து பேர். நானும் முதலில் அப்படித்தான் பயந்தேன், இரண்டு மாதம் மிஸ்ஸோடு ஓட்டின பாவம் என்று. ஆனால் அந்த நீள உருட்டலைக் கன்வேட்டர் செய்யாது. வேறு எங்கோ.

2025 ஜனவரி 18

பிடித்தாயிற்று, காக்காவுக்கே மறுபடியும் நன்றி. எஞ்சின் சூடு ஏறி, மேல் குழாயில் கை வைக்க முடியாமல் இருந்தது. திரையில் தண்ணீரின் சூடு 34 பாகை என்று காட்டியது. ஈசியு பாவம், எஞ்சின் இன்னும் குளிரில் நிற்கிறது என்று நம்பி, விடிய எடுக்கும்போது கொடுக்கிற பெற்றோலை மத்தியானத்திலும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வயர் முழுசாக அறுந்திருந்தால் கழித்தல் 40 என்று காட்டும், உடனே கோட் விழும். 34 என்பது நடக்கக்கூடிய எண். சந்தேகப்பட அதற்குக் காரணம் இல்லை.

அப்போ இந்தத் தரம் உண்மையாகவே சென்சர்தானா? நவம்பரில் வாங்கின அடி ஞாபகம் இருந்தது, வாங்க முதல் அளந்தேன். சென்சரைக் கழற்றி, தேத்தண்ணிக் கேத்தலில் தண்ணி வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, மீற்றரை மாட்டினேன். பச்சைத் தண்ணியில் 1.7 கிலோ ஓம். தண்ணி சூடேற எண் விழுந்துகொண்டே வந்தது, 1.2, 0.8, 0.5. கொதிக்கும்போது 0.2க்குக் கீழே. எங்கேயும் தடக்கவில்லை. சென்சர் தங்கம்.

மிச்சம் சொக்கட். வயர்ப் பக்கச் சொக்கட்டுக்குள் டோர்ச் அடித்தேன். இரண்டு பின்னில் ஒன்று பித்தளை நிறம், மற்றது பாசி பிடித்த கிணற்றுக் கட்டு மாதிரிப் பச்சை. ரப்பர் வளையம் வெடித்திருந்தது. நவம்பர் வெள்ளத்து ஈரமோ, இத்தனை வருடக் கடல் காற்றோ, இரண்டுமோ. அந்தப் பச்சைத் துரு ஒரு கிலோ ஓமுக்கு மேல் தன் பங்கைச் சேர்த்து, 0.3 என்று வர வேண்டியதை 1.4 ஆக்கியிருக்கிறது. சொக்கட்டை வெட்டி, புதுசு வைத்து, ஈயம் பிடித்து, சுருங்குகிற குழாய் போட்டேன். செலவு 650 ரூபாய். திரையில் இப்போது 86 பாகை.

கேத்தலுக்கு இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. புதுக் கேத்தல் 4,200.

2025 ஜனவரி 25

புகைப் பரிசோதனை பாஸ். கன்வேட்டர் உயிரோடு இருக்கிறது.

2025 பெப்ரவரி 4

2020 மார்ச்சில் மூடின வாகன இறக்குமதி இந்த முதலாம் திகதியிலிருந்து திறந்திருக்கிறது என்று மனிசி செய்தியைக் காட்டுகிறா. பழைய கார் விலை விழும், இப்பவே கொடு என்கிறா. ஐந்து வருடம் இந்த 121 பொன் விலைக்கு நின்றது உண்மைதான். புதுசின் விலையையும் வரியையும் காட்டினேன். பேச்சு நின்றது. கார் நிற்கிறது.

2025 மார்ச் 9

சம்மாந்துறையிலிருந்து ஒரு தம்பி தனியாக எழுதினார். அதே 121, அதே பி0171, அதே "ஒட்சிசன் சென்சர் பெய்த்து". இழை முழுக்க வாசித்துவிட்டுக் கொயில் நாலையும் இழுத்துப் பார்த்தாராம், கிணறு காய்ந்து கிடக்கிறதாம். நான் விடவில்லை. பிளக்கைப் பார், காற்றுச் சென்சரைக் கழுவு, சொக்கட்டைப் பார் என்று ஒரு கிழமை படுத்தினேன்.

2025 மார்ச் 15

தம்பி காரோடு வீட்டுக்கே வந்தார். காக்காவின் ஸ்கானரை ஒரு நாள் இரவல் வாங்கியிருந்தார். சென்சரின் வோல்ற்று 0.1இல் படுத்துக் கிடந்தது. காற்றுக் குழாய்க்குள் கார்புரேட்டர் கழுவுகிற ஸ்பிரேயை ஒரு துளி அடித்தேன். எஞ்சின் உறுமியது, பின்னால் பெற்றோல் மணம். வோல்ற்று 0.8க்குப் பாய வேண்டும். அசையவில்லை. இன்னும் அடித்தேன். 0.1. வயரை அளந்தோம், சொக்கட்டைப் பார்த்தோம், புகைக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்தோம். எல்லாம் சரி. சென்சர் செத்துத்தான் இருந்தது. அவருடைய பாஸ் நிமிராமலே சரியாகச் சொல்லியிருக்கிறார்.

மேசை லாச்சியில் நவம்பரில் கழற்றின என் பழைய சென்சர் பத்திரிகைத் துண்டில் சுற்றியபடி கிடந்தது. எடுத்து மாட்டினோம். அரை நிமிடத்தில் ஊஞ்சலாடத் தொடங்கியது. 0.1, 0.8, 0.2, 0.9.

தம்பி எவ்வளவு என்று கேட்டார். உள்ளே இருந்து மனிசி, "ஒரு கேத்தல்" என்றா.